இருபத்துமூன்று வோல்ட்

மேல்நெல்லிப்பட்டு,
ஜவ்வாது மலை.
3.6.2025

தம்பி கோகுலகிருஷ்ணனுக்கு,

அக்கா மஞ்சுளா எழுதுவது. உன் நம்பருக்கு அனுப்பிய மூன்று மெசேஜும் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. என்னை பிளாக் செய்திருக்கிறாய் என்று தெரிகிறது. அதைப் பற்றிக் கேட்க இதை எழுதவில்லை. ஒரு வேலை விஷயம். பதினெட்டு வருஷமாகக் கலசப்பாக்கத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறாய். இதைக் கேட்க எனக்கு வேறு ஆளில்லை.

நர்ஸ் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு கேமரா வைத்த காலிங் பெல் ஒன்று ஆன்லைனில் வாங்கிவிட்டேன். யாராவது பொத்தானை அழுத்தினால் அவர்கள் முகம் செல்போனில் தெரியும். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வந்த பைபர் லைனிலிருந்து எனக்கும் ஒரு கனெக்‌ஷன் கொடுத்திருக்கிறார்கள், அதனால் நெட்டுக்குக் குறையில்லை. பேட்டரியில் ஓடுகிற மாதிரியும் இருந்தது. அதைக் கழற்றிக் கழற்றி சார்ஜ் போடவேண்டும், ஒரு நாள் மறந்தால் அன்றைக்கு வாசலில் மணி இல்லை. அதனால் ஒயரில் ஓடுவதை வாங்கினேன். பெட்டியைப் பிரித்த பிறகுதான் உள்ளே காகிதத்தில் பார்த்தேன்: வீட்டுக் கரண்டை நேராகக் கொடுக்கக்கூடாதாம், தனியாக டிரான்ஸ்பார்மர் வாங்கிப் போடவேண்டுமாம். அது பெட்டியில் இல்லை.

இங்கே ஒயரிங் பார்க்கிற ராஜ்குமார் என்ற பையன் வந்து பார்த்தான். "எந்த டிரான்ஸ்பார்மர்னு எனக்குத் தெரியலக்கா, தப்பா போட்டா பெல்லு பூடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எதை வாங்கவேண்டும் என்று நீ எழுதினால் போதும். போளூரில் யாரையாவது விட்டு வாங்கிக்கொள்வேன்.

குழந்தை பள்ளிக்கூடம் போகிறாளா?

மஞ்சுளா

*

கலசப்பாக்கம்
9.6.2025

மஞ்சுளா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. போன் அடித்தால் எடுக்காதவர் வீட்டில் மணி அடித்தால் மட்டும் கதவு திறக்குமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நீங்கள் கேட்டது டிரான்ஸ்பார்மர், அதற்குப் பதில் எழுதுகிறேன்.

செல்போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர் எதையும் வெட்டி அந்த பெல்லில் கொடுக்காதீர்கள். அவை தருவது டிசி. உங்கள் பெல்லுக்கு வேண்டியது ஏசி. ராஜ்குமார் தொடாமல் போனது நல்லதாகப் போயிற்று. இருநூற்று முப்பது வோல்ட்டை நேராகக் கொடுத்திருந்தால் பெல்லும் போயிருக்கும், ஈரக்கையோடு பொத்தானை அழுத்துகிறவரும் போயிருப்பார்.

டிரான்ஸ்பார்மரில் இரண்டு கணக்கு. எத்தனை வோல்ட் தருகிறது என்பது ஒன்று, எவ்வளவு சுமை தாங்கும் என்பது இன்னொன்று. சுமைக்கு வி.ஏ. என்று போட்டிருப்பார்கள். வோல்ட் சரியாக இருந்து வி.ஏ. பத்தாமல் போனால் பகலில் படம் வரும், இருட்டில் கேமராவின் லைட் எரிந்ததும் பெல் செத்துப்போகும். ஆட்கள் பெல்லைத்தான் திட்டுவார்கள்.

பெல்லின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது? மெயின் போர்டிலிருந்து வாசலுக்கு ஒயர் சுற்றிப் போகிற நீளம் எவ்வளவு? நேர் தூரம் வேண்டாம், சுவரோரமாக ஒயர் போகிற தூரம். மலையில் வோல்டேஜ் ஒரு நிலையில் நிற்காது. ராஜ்குமாரிடம் மீட்டர் இருக்கும், காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் பார்த்துச் சொல்லுங்கள்.

இதெல்லாம் போனில் ஐந்து நிமிடப் பேச்சு. பிளாக்கை எடுத்துவிட்டேன். கூப்பிடுங்கள், சொல்லிவிடுகிறேன்.

கோகுலகிருஷ்ணன்

*

மேல்நெல்லிப்பட்டு
14.6.2025

தம்பிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து என்னை நீ அப்படிச் சொன்னதில்லை. பரவாயில்லை.

போன் வேண்டாம். எழுத்திலேயே இருக்கட்டும். நீ எழுதினால் திரும்பத் திரும்பப் படித்துக்கொள்வேன், ராஜ்குமாரிடமும் காட்டலாம்.

காலை ஆறு மணிக்கு 221. மதியம் 225. சாயங்காலம் ஏழு மணிக்கு 168. ராஜ்குமார் மூன்று நாள் பார்த்தான், பெரிய வித்தியாசமில்லை. ஒயர் போகும் தூரம் பதினான்கு மீட்டர், கயிறு பிடித்து அளந்தோம். பெல்லின் பின்னால் 16 முதல் 24 வோல்ட் ஏசி, 10 முதல் 40 வி.ஏ. என்று இருக்கிறது.

இன்னொன்று. பெல்லோடு உள்ளே 'டிங் டாங்' அடிக்கிற பெட்டி ஒன்று வைப்பார்களாமே, அது வேண்டாம். அதற்குப் பதிலாக விளக்கு எரியும்படி செய்ய முடியுமா? சமையலறையில் ஒன்று, படுக்கிற அறையில் ஒன்று, பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் ஒன்று.

இது எதற்கு என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். மே பதினான்காம் தேதி மதியம் மூன்று மணிக்கு நதியா என்ற பெண்ணை வலியோடு என் வாசலுக்குக் கூட்டிவந்தார்கள். அவளுடைய நாத்தனார் பச்சையம்மாதான் கூட்டிவந்தது. கதவைத் தட்டியிருக்கிறார்கள். கால் மணி நேரம். நான் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஜீப் பிடித்துக் கீழே இறங்கினார்கள். நாலாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப்பிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளை நன்றாக இருக்கிறது, பெண் குழந்தை. நதியாவுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தாள்.

அன்று நான் அசந்து தூங்கிவிட்டேன். முதல் நாள் முழுக்கத் தடுப்பூசி முகாம். இனி அப்படி நடக்கக்கூடாது என்றுதான் பெல்.

ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை. பச்சையம்மா மட்டும் ரேஷன் கடை வரிசையில் என் எதிரிலேயே பக்கத்தில் நின்றவளிடம், "நர்சம்மா உள்ளதான் கீறாங்க, செருப்பு வாசல்லயே கெடந்துச்சி" என்று சொன்னாள். அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சுளா

*

கலசப்பாக்கம்
20.6.2025

அக்காவுக்கு,

வோல்டேஜ் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடையில் கிடைக்கிற எதுவும் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது.

பதினாறு வோல்ட் டிரான்ஸ்பார்மர் வைத்தால் காலையில் வேலை செய்யும். சாயங்காலம் உங்களுக்கு வருவது 168 தான் என்றால் அது பன்னிரண்டுகூடத் தராது. பெல் அணைந்து அணைந்து எரியும். பதினெட்டும் அப்படித்தான். சரி, இருபத்துநாலு வாங்கலாம் என்றால் சாயங்காலத்துக்குச் சரி, மதியம் இடிக்கும். சின்ன டிரான்ஸ்பார்மர் சுமை இல்லாதபோது எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகத் தரும். யாரும் பொத்தானை அழுத்தாத நேரமெல்லாம் இருபத்தாறு வோல்ட் போய்க்கொண்டிருந்தால் உள்ளே இருக்கிற போர்டு ஆறு மாதம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.

அதனால் நானே கட்டித் தருகிறேன். இருபத்துமூன்று வோல்ட். நாற்பது வி.ஏ. கேட்கிற இடத்தில் அறுபதுக்கான இரும்புக் கோர் போட்டுக் கட்டினால் வோல்ட் அவ்வளவாக ஏறி இறங்காது, சூடும் ஆகாது. மதியம் இருபத்துமூன்றரைக்கு மேலே போகாது. சாயங்காலம் பதினான்கு மீட்டர் ஒயரில் போகிற நஷ்டம் போக பதினாறுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இரண்டு ஓரத்தையும் ஒட்டினாற்போலத்தான், ஆனால் உள்ளே இருக்கும்.

துணை சுகாதார நிலையத்து இன்வெர்ட்டரிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு ஒரு லைன் வருகிறதா? வந்தால் அதில்தான் கொடுக்கவேண்டும், கரண்ட் போனாலும் பெல் இருக்கும். கோர் பெரிதாகக் கட்டுவதால் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் பயமில்லை, கொஞ்சம் உறுமும், அவ்வளவுதான்.

விளக்கும் செய்யலாம். 'டிங் டாங்' பெட்டி இருக்கவேண்டிய இடத்தில், பொத்தானை அழுத்தினால் தானே சுவிட்ச் போடுகிற ரிலே ஒன்றை வைத்து மூன்று விளக்குக்கும் கொடுத்துவிடலாம்.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கிற வீடு. தூங்கிவிட்டதால்தான் கதவு திறக்கவில்லை என்கிறீர்கள். தூங்குகிற ஆளை எழுப்ப மணி வைப்பார்களா, விளக்கு வைப்பார்களா? கண்ணை மூடித் தூங்குகிறவருக்கு விளக்கு எப்படித் தெரியும்? துணி துவைக்கிற இடத்தில் தூங்குகிறீர்களா?

மோட்டார் ஓடவில்லை என்று கொண்டுவருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு மூடியைக் கழற்றிப் பார்ப்பேன். உங்கள் கடிதத்தை நாலு முறை படித்துவிட்டேன். போனும் வேண்டாம், மணியும் வேண்டாம் என்கிறீர்கள்.

இன்னாக்கா ஆச்சு?

கோகுலகிருஷ்ணன்

*

மேல்நெல்லிப்பட்டு
26.6.2025

கோகுலுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

எனக்குக் காது கேட்கவில்லை. வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் எதிரே நின்று பேசினால் கேட்கும், அதுவும் பாதி. மீதியை வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். மூன்று வருஷமாகிறது. முதலில் சளி என்று நினைத்தேன். பிறகு காதில் ஓயாமல் ஒரு இரைச்சல், மழைக்காலத்து ஓடை மாதிரி. நான் நர்ஸ், எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் யாரிடமும் காட்டாமல் இருந்தேன்.

நதியா வந்த அன்று நான் தூங்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன், கதவுக்கு முதுகைக் காட்டி. எனக்கும் கதவுக்கும் நடுவே பத்தடி. ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்கக் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு துண்டு கிடந்தது. யாருடையது என்று தெரியாமல் மடித்துத் திண்டில் வைத்தேன். மறுநாள்தான் தெரிந்தது அது நதியாவுடையது என்று.

இப்போது அம்மா விஷயம். போன அக்டோபரில் அந்த நாள் நீ என்னைப் பதினோரு முறை கூப்பிட்டாய். போன் சைலண்டில் இருந்தது என்று சொன்னேன். சைலண்டில் இல்லை. முழுச் சத்தத்தில் வைத்து அலமாரி மேல் இருந்தது. நான் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்குள் வந்து சமைத்தேன், சாப்பிட்டேன், அதே அலமாரியில் இருந்து உப்பு எடுத்தேன். சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் போனைத் திருப்பிப் பார்த்தேன். அப்போது பஸ் இல்லை. மறுநாள் நான் வந்து இறங்கியபோது அம்மாவைக் குளிப்பாட்டியிருந்தார்கள்.

எல்லோர் எதிரிலும் நீ கேட்டாய், "பெத்தவ சாவக் கெடக்கறா, உனுக்கு அப்டி இன்னா வேல?" என்று. உன் வாயைப் பார்த்துத்தான் அதையும் தெரிந்துகொண்டேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். காது கேட்காது என்று சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். சைலண்ட் என்று சொன்னால் உன் கோபத்தோடு போய்விடும், நாலு மாதத்தில் ஆறிவிடுவாய் என்று நினைத்தேன். உனக்கு ஆறவில்லை.

அதனால்தான் விளக்கு. அதனால்தான் யார் வந்திருக்கிறார்கள் என்று படத்தில் தெரியவேண்டும். கதவைத் திறப்பதற்கு முன்பே ஆள் இன்னார் என்று தெரிந்தால் அவர்கள் என்ன சொல்ல வந்திருப்பார்கள் என்று பாதி ஊகித்துவிடுவேன்.

யாரிடமும் சொல்லாதே.

மஞ்சுளா

*

கலசப்பாக்கம்
5.7.2025

அக்கா,

இந்தப் பார்சலை பஸ் கண்டக்டர் தேவராஜிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஜமுனாமரத்தூரில் ராஜ்குமார் வாங்கிக்கொள்ளட்டும்.

உள்ளே டிரான்ஸ்பார்மர், ரிலே, மூன்று விளக்கு, இருபது மீட்டர் ஒயர். டிரான்ஸ்பார்மரை மரப் பலகையில் அடித்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். மெயின் போர்டுக்குப் பக்கத்தில், கை எட்டாத உயரத்தில் மாட்டவேண்டும். வாசலில் மாட்டவே கூடாது, சாரல் அடிக்கும். சிவப்பு ஒயர் இரண்டும் வீட்டுக் கரண்ட் பக்கம். மஞ்சள் இரண்டும் பெல் பக்கம். இதை மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று, அதனால் சிவப்பு மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மஞ்சள் பக்கம் முதலில் பெல்லை மாட்டாமல் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல். மதியம் இருபத்துநாலுக்குள் காட்டினால் மாட்டலாம். ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் பெட்டியைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பாக இருக்கும். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு எழுது.

விளக்கு எரிந்தால் பன்னிரண்டு விநாடி எரியும். இரண்டு விநாடி போதும் என்றுதான் முதலில் வைத்தேன். பிறகு நீ திரும்பிப் பார்க்கிற நேரத்தையும் சேர்த்துப் பன்னிரண்டாக மாற்றினேன்.

அம்மா விஷயத்துக்கு இன்னும் பதில் எழுத வரவில்லை. அது இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் மகள் வயிற்றில் இருந்தபோது நீதான் வயிற்றில் குழலை வைத்துத் துடிப்பைக் கேட்டாய். "நூத்தி நாப்பது. நல்லா அடிக்குதுடா" என்று சொன்னாய். வாசலில் ஆள் வந்திருக்கிறார் என்பதை நான் விளக்காக மாற்றிக் கொடுத்துவிட்டேன். வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளையை என்ன செய்கிறாய்? மூன்று வருஷமாக எப்படிக் கேட்கிறாய்?

கோகுல்

*

மேல்நெல்லிப்பட்டு
12.7.2025

கோகுலுக்கு,

பார்சல் வந்தது. ராஜ்குமார் நீ எழுதியபடியே இன்வெர்ட்டர் லைனில் மாட்டினான். மதியம் மீட்டரில் 23.4. சாயங்காலம் 16.2. பெட்டி சூடாகவில்லை. மூன்று விளக்கும் எரிகின்றன. நேற்று முட்டைக்காரர், இருமலுக்கு மாத்திரை கேட்டு ஒரு பெரியவர், மாட்டைத் தேடி வந்த ஒருத்தி. மூன்று பேரையும் கதவைத் திறப்பதற்கு முன்பே பார்த்தேன். நன்றி.

மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அது என் வேலை.

மஞ்சுளா

*

கலசப்பாக்கம்
21.7.2025

அக்கா,

கோபித்துக்கொண்டாய். சரி. நான் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் உன்னிடம் கேட்டவன் தன் பங்குக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. இதைச் சாந்தியிடம்கூடச் சொன்னதில்லை, கட்டின பெண்டாட்டியிடமே.

அன்று காலை பதினோரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு அடித்துக்கொண்டிருந்தேன். நாலாவதோ ஐந்தாவதோ முறை அடித்தபோது அம்மா என் கையைப் பிடித்தது.

"அவளுக்குக் கேக்காதுடா" என்றது.

"ரிங்கு போவுதும்மா. எடுக்க மாட்றா" என்றேன்.

"எடுக்காதவ இல்ல அவ. அவளுக்குக் கேக்காது. ஆள அனுப்பு."

நான் அதை நேர்ப் பொருளில் எடுத்துக்கொள்ளவில்லை. மலை தூரமாக இருக்கிறது, அதனால் கேட்காது என்று அம்மா பிதற்றுகிறது என்று நினைத்தேன். காய்ச்சலில் அதற்கு முன்னால்கூட என்னென்னவோ பேசியது. "சும்மா படும்மா, எடுப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி அடித்தேன். ஆறு முறை அடித்தேன்.

அம்மா போனது சாயங்காலம் ஆறு மணிக்கு. பதினொன்றரைக்குக் கடைப் பையனை வண்டியில் அனுப்பியிருந்தால் இரண்டு மணிக்குள் உன் வாசலில் நின்றிருப்பான். நாலரைக்கு நீ வந்திருப்பாய். அப்போது அம்மாவுக்கு நினைவு இருந்தது. ஐந்து மணிவரை இருந்தது.

உன் கடிதத்தில் 'எனக்குக் காது கேட்கவில்லை' என்று படித்தபோதுதான் எனக்கு அது விளங்கியது. கடையில் ஆள் இருந்தார்கள். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கட்டிக்கொண்டிருந்த காயிலை முழுக்கக் கட்டி முடித்தேன். சுற்று எண்ணிக்கை தப்பிவிட்டது. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினேன். பத்து மாதமாக நான் உன்மேல் போட்ட பழியில் பாதி என்னுடையது. அம்மா சொல்லியும் நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தால் எழுது.

கோகுல்

*

மேல்நெல்லிப்பட்டு
24.8.2025

கோகுலுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பதில் எழுத வேண்டுமானால் சொல்வதற்கு ஏதாவது செய்து முடித்திருக்கவேண்டும் என்று தோன்றியது, அதனால் தாமதம்.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கடைசி இரண்டு பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது அம்மா என்னைப் பின்னாலிருந்து கூப்பிடவே இல்லை. சுற்றிவந்து எதிரே நின்று, கையைத் தொட்டுவிட்டுத்தான் பேசும். வயதாகிவிட்டது, ஒட்டுதல் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் மறைப்பதைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று இருந்திருக்கும். நீ ஆளை அனுப்பவில்லை என்பதற்காக உன்மேல் எனக்குக் கோபம் வருமா என்று பார்த்தேன். ஒரு நாள் முழுக்க வந்தது. பிறகு இல்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில். ரத்த அழுத்தம் பார்க்க டிஜிட்டல் மெஷின் இருக்கிறது, அதில் தப்பு வராது. பிள்ளையின் துடிப்பைப் பார்க்கிற மெஷினிலும் எண் தெரியும். ஆனால் மழை நாட்களில் அது பாதி நேரம் வேலை செய்யாது. அப்போது குழலை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். "நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நூற்று நாற்பது என்று எழுதினேன். ஐந்து பேருக்கு அப்படி எழுதியிருக்கிறேன். நாலு பேருக்குப் பிரசவம் ஆகிவிட்டது, நல்லபடியாக. ஐந்தாவது நதியா.

இதை உனக்கு எழுதுவதற்கு முன்பே சொல்லவேண்டிய இடத்தில் சொல்லிவிட்டேன். ஜூலை முப்பதாம் தேதி ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ராஜேஸ்வரியிடம் போனேன். ஐந்து பேர் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். அந்தம்மா படித்தார். பிறகு எழுந்து வந்து என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாய் தெரியும்படி நிதானமாகச் சொன்னார்: "கேக்காதது உங்க தப்பில்ல, மஞ்சுளா. கேட்டுச்சுன்னு எழுதினது தப்பு. அதுக்கு விளக்கம் எழுதித்தான் ஆகணும். என்னால அத மறைக்க முடியாது."

விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வருஷ இன்க்ரிமென்ட் நிற்கும் போலிருக்கிறது. வேலை போகவில்லை. இப்போதைக்குக் கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பது நம்பாத்தூரிலிருந்து வாரம் இரண்டு நாள் வருகிற நர்ஸ் அன்பரசி. நான் தடுப்பூசி, சத்துமாத்திரை, பதிவேடு, வீடு வீடாகப் போவது. காது கருவி வந்து, கேட்கிறது என்று சர்டிபிகேட் கொடுத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்றார்கள்.

டாக்டரைப் பார்த்த மறுநாள் பச்சையம்மா வீட்டுக்குப் போனேன். நதியா உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், குழல் வைத்ததையும் சேர்த்து.

"அப்போ அன்னிக்கி நாங்க தட்டுனது உனுக்குக் கேக்கவே இல்லியா?"

"கேக்கல."

"கேக்கலன்னா அத மின்னாடியே சொல்றதுக்கு இன்னா? பின்னால சுத்தி வந்து ஜன்னலாண்ட கை ஆட்டியிருப்பமே! ஜன்னல் தொறந்துதான இருந்துச்சி. நீ வோணும்னே தொறக்கலன்னு நெனச்சிகினு இறங்கிப் போனோம்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் அழுததாகவோ, அவள் மன்னித்ததாகவோ அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நதியா மட்டும் உள்ளேயிருந்து வந்து என் எதிரே நின்றாள். "வயித்துல கொழல வெச்சி நல்லாருக்குன்னு சொன்னியே, அது பொய்யா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இதுவரை என்னிடம் பேசவில்லை. தடுப்பூசி நாளன்று பிள்ளையைப் பச்சையம்மாதான் தூக்கிக்கொண்டு வந்தாள். நதியா பேசாமல் இருப்பது நியாயம்தான்.

போன வாரம் வேலூர் போய் காது பரிசோதனை செய்துகொண்டேன். டெலிபோன் பூத் மாதிரி கண்ணாடிக் கதவு வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்தவேண்டும். வெளியே சின்ன வயசுப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினேன். அவள் கை அசைந்தால் அழுத்தினேன், கண்ணை நிமிர்த்தினால் அழுத்தினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வருஷமாக அப்படித்தான் எல்லோரிடமும் தலையாட்டிப் பழகியிருக்கிறேன், கையும் அதையே செய்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் எழுந்து வந்து கதவைத் திறந்தாள். என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். பிறகு எதிரே குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, கேட்டா மட்டும் அழுத்துங்க. கேக்கலன்னா சும்மா இருங்க. ஒன்னும் தப்பில்ல."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தேன்.

உன் அக்கா,
மஞ்சுளா